கலைந்த சொற்களைக் கோக்கும் பயிற்சி

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உருவாகி, இன்று இலவசமாகவே கிடைக்கும் ஹாட் பொட்டேட்டோஸ் என்னும் மென்பொருளில், வாக்கியத்தின் சொற்களைக் கலைத்துக் கொடுத்து மாணாக்கரை வரிசைப்படுத்தச் செய்வதற்கென்றே ஜேமிக்ஸ் என்ற பகுதி அமைந்திருக்கிறது.

• வரிக்கு ஒரு சொல்லாகவோ, பிரிக்கலாகாத தொடராகவோ வாக்கியத்தை இடுக. கலைக்கும் காரியத்தை மென்பொருளே செய்துகொள்ளும்.

• ‘அண்ணன் நேற்று ஊருக்குப் போனான்’ என்பதை ‘நேற்று அண்ணன் ஊருக்குப் போனான்’ என்றும் சொல்லத் தமிழ் இடங்கொடுப்பதால், பொருந்தும் வரிசைகள் யாவற்றையும் மாற்று விடைகளாகப் பதிவு செய்யாவிடில், சரியாகக் கோத்த பிள்ளைக்கும் ‘தவறு’ என்ற தீர்ப்பே கிட்டும்.

• ‘ஊருக்குப்’ என்பதன் ஈற்று ஒற்று அடுத்த சொல்லைக் காட்டிக்கொடுத்துவிடுமாதலின், ஆரம்ப வகுப்பினருக்கு அது உபகாரம். மேல்வகுப்பினருக்கோ சந்தி மிகாத வாக்கியங்களே உசிதம்.

• இணையப்பக்கமாகச் சேமித்த பயிற்சி, இணையத் தொடர்பின்றியே உலாவியில் திறக்கும்.