ஒரு நிமிடத்தில் ஒரு நகரம்

தமிழ் நூல்களுக்குப் பாயிரம் உண்டு. பாயிரம் இல்லாததை நூல் என்று ஒப்புவதற்கே நம் இலக்கண ஆசிரியர் உடன்படவில்லை. உள்ளே புகுமுன் வாயிலில் நின்று, இன்ன பொருள் இங்கே கிடைக்கும் என்று அறியும் உரிமை படிப்பவனுக்கு உண்டு. திரைப்படத்துக்கு அத்தகைய பாயிரமாக அமைவதே முன்னோட்டம்.

ஆங்கிலத்தில் இதனை ‘டிரெய்லர்’ என்பர். பின்னால் தொடர்ந்து வருவது என்பது அச்சொல்லின் பொருள். முன்னே காட்டுவதற்கு இப்பெயர் வந்தது ஏன்? 1910களில் அமெரிக்கக் கொட்டகைகளில், ஓடிய படம் முடிந்த பிறகே வரப்போகும் படத்தின் துணுக்குகளைக் காட்டினர். படம் முடிந்ததும் மக்கள் எழுந்து போயினர். ஆகவே துணுக்குகள் முன்னே வந்தன. பெயர் மட்டும் பின்னேயே தங்கிவிட்டது.

முன்னோட்டத்தினும் சிறியது, இன்று ‘டீசர்’ என்று வழங்குவது. சிலப்பதிகாரத்தின் பதிகம் கதை முழுவதையும் சுருக்கிக் கூறுகிறது. முன்னோட்டம் அதனைப் போன்றது. டீசரோ கதையைக் கூறாது. ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு நின்றுவிடும். படம் தொடங்குமுன்பே இதனை எடுத்துவிடலாம். கையில் பொருள் இல்லாத மாணவர்க்கு ஏற்றதும் இதுவே. பாலாஜி மோகன் என்னும் இளைஞர் குறும்படமாக எடுத்த ‘காதலில் சொதப்புவது எப்படி’ 2012இல் முழுநீளப் படமாக வளர்ந்தது. சிறியதைச் செவ்வையாகச் செய்பவர்க்குப் பெரியது எட்டாத கனி அன்று.

நான் படிப்பது இயற்பியல். கலை என் துறை அன்று. ஆயினும் ஒளியும் ஒலியும் எங்கள் பாடப் பொருள்கள். அந்த அளவில், நகர வாழ்க்கைப் படம் ஒன்றுக்கு நாம் தேவராஜ மொஹல்லாவில் டீசர் எடுப்பதாக வைத்துக்கொண்டு, முறையை ஆராய்வோம்.

முதல், கரு, உரி

தொல்காப்பியர் அகப்பாட்டுக்கு வகுத்த முப்பொருளும் இங்கே கைகொடுக்கும். முதற்பொருள் நிலமும் பொழுதும். நமது நிலம் தேவராஜ மொஹல்லா. பொழுது, விடியல் முதல் காலை எட்டு மணி வரை. கருப்பொருள், அந்நிலத்துக்கே உரியவை: தேவராஜ சந்தையின் மல்லிகைச் சரம், கூம்பாகக் குவித்த குங்குமம், வெற்றிலைக் கட்டு, நஞ்சன்கூட்டு ரசபாளை வாழை, சின்னக் கடியாரம் என மக்கள் அழைக்கும் மணிக்கூண்டு. உரிப்பொருள், உள்ளத்து உணர்ச்சி. பிழைக்க வந்த தமிழ் இளைஞன் ஒருவன். சாயாஜி ராவ் சாலையில் கடைச் சிப்பந்தி. மாதச் சம்பளம் கைக்கு வருகிறது. அறை வாடகைக்கா, ஊரில் இருக்கும் தாய்க்கா? இதுவே நம் கேள்வி. விடையை டீசரில் சொல்லலாகாது.

நகரத்தைக் காட்ட வேண்டுமென்று நகரம் முழுவதையும் சுற்றுவது வீண். கே. பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ 1968இல் வந்தது. பல குடும்பங்கள் ஒண்டிக் குடியிருக்கும் ஒரு வீடு. அதன் மாடிப்படிக்கு அடியில் ஒண்டும் மாது என்னும் ஏழை மாணவன். சென்னை நகரத்தின் இரக்கமும் இரக்கமின்மையும் அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டன. நமக்கும் ஒரு சந்து போதும். ஒரு படிக்கட்டு போதும்.

கணக்கு

டீசரின் நீளம் 60 விநாடி என்று கொள்வோம். விநாடிக்கு 25 படங்கள் வீதம் மொத்தம் 1500 படங்கள். ஒரு காட்சித் துண்டு சராசரி 3 விநாடி நின்றால் 20 துண்டுகள் வேண்டும். முதல் 20 விநாடி நிலத்துக்கு. அடுத்த 25 விநாடி மனிதனுக்கு. எஞ்சிய 15 விநாடி கேள்விக்கும் படத்தின் பெயருக்கும். இந்த இருபதையும் தாளில் எழுதிக்கொள்ளாமல் கருவியைத் தொடக்கூடாது. எழுதாமல் போனவர் இருநூறு துண்டுகளுடன் திரும்புவர். வேண்டிய ஒன்று அவற்றில் இராது.

இருபத்தைந்து என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்று உடையது. அதனால் குழல்விளக்கும் மலிவான எல்.இ.டி. விளக்கும் விநாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. கண் இதனை அறியாது, கருவி அறியும். ஒவ்வொரு படமும் 1/50 விநாடி ஒளி பெறுமாறு அமைத்தால், ஒவ்வொன்றிலும் சரியாக இரண்டு துடிப்புகள் விழும். ஒளி சீராக இருக்கும். 1/60 விநாடி என்று வைத்தாலோ ஒன்றரைக்குச் சற்று மேற்பட்ட துடிப்பே விழும். ஒரு படம் வெளுத்தும் மற்றொன்று கறுத்தும், சந்தை முழுவதும் நடுங்குவது போலத் தோன்றும். கைப்பேசிகள் பல விநாடிக்கு 30 படம் என்று அமைந்தே வருகின்றன. கடைக்குள் எடுக்குமுன் அதனை மாற்றிக்கொள்க.

ஒலியிலும் கணக்கு உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஒரு படத்தின் காலமான 1/25 விநாடியில் அது கடப்பது ஏறத்தாழ 14 மீட்டர். பூக்காரர் கூவுவதை 28 மீட்டர் தொலைவிலிருந்து பதிவு செய்தால், உதட்டசைவுக்கு இரண்டு படம் பின்தங்கிக் குரல் வரும். ஆகவே ஒலிப்பதிவை அருகே வைக்க வேண்டும். இயலாவிடின் தொகுக்கும்போது ஒலியை அந்த அளவு முன்னே இழுத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டும் ஒட்டும்

இனி, யாவற்றிலும் முதன்மையானது தொகுப்பு. ரஷ்ய நாட்டு இயக்குநர் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகம். அதனை அடுத்து ஒருமுறை உணவுக் கிண்ணம், ஒருமுறை சவப்பெட்டி, ஒருமுறை ஒரு பெண். பார்த்தவர்கள் அம்முகத்தில் பசியையும் துயரையும் காதலையும் கண்டனர் என்பர். முகமோ ஒன்றே! பொருள் படத்தில் இல்லை. இரண்டு படங்களுக்கு இடையே இருக்கிறது.

தோழர்களே, இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். நம் இளைஞன் தலைகுனிந்து நிற்கும் முகத்தை எடுத்துக்கொள்க. அதன்பின் வாடகைச் சீட்டை ஒட்டினால் வறுமை. கன்னடத்தில் உரக்கப் பேசும் ஒரு கடைக்காரரை ஒட்டினாலோ பகை. அந்தக் கடைக்காரர் உண்மையில் வாழைத்தாரின் விலையைத்தான் கூவியிருப்பார். ஒவ்வொரு துண்டும் மெய், ஒட்டியது பொய்.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்க்கு எதிராகக் கலவரம் நிகழ்ந்தது. அந்நினைவு நம் பெரியவர்களின் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. அத்தகைய ஊரில் ஒரு நிமிடப் படம் கைக்குக் கை பரவும். முழுப் படத்தைப் பார்த்துத் தெளியப் பொறுமை எல்லார்க்கும் இராது. கைதட்டலுக்காக இன்னொரு மொழியினரைத் தீயவராகக் காட்டும் டீசர் கலை ஆகாது. நம் இளைஞன் சந்தையில் ‘எஷ்டு?’ என்று விலை கேட்கட்டும். அறைக்குத் திரும்பித் தாயிடம் தமிழில் பேசட்டும். இரண்டும் அவன் வாழ்க்கையே. நகரம் என்பது இவ்விரண்டுக்கும் இடையே அவன் நடக்கும் தெருத்தான்.

ஆவலைத் தூண்டப் பொய் வேண்டுவதில்லை. ஆல்பிரட் ஹிட்ச்காக் 1960இல் ‘சைக்கோ’வுக்கு அமைத்த முன்னோட்டத்தில் அவரே விடுதியையும் வீட்டையும் சுற்றிக் காட்டினார், இங்கே ஒன்று நடந்தது என்பார், சொல்லவந்ததைப் பாதியில் விட்டு நகர்வார். மறைத்தார், திரித்தாரில்லை. மறைப்பது வேறு, திரிப்பது வேறு.

காப்பும் கடமையும்

சந்தை மாநகராட்சிக்கு உரியது; முக்காலி நிறுத்துமுன் எழுதிக் கேட்டு இசைவு பெறுக. பூக்கட்டும் கைகளை எடுப்பதாயின் அக்கைகளுக்கு உரியவரைக் கேளுங்கள். விடியற்காலை அவர்களுக்கு விற்பனைப் பொழுது. வழியை அடைத்தால் அன்றைய வருவாயை அடைத்தவராவோம்.

பழங்கட்டடங்களில் விழிப்பும் வேண்டும். 1892இல் எழுந்த லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012இல் இடிந்து உயிர்களைப் பறித்தது. 2016இல் சந்தையின் வடபகுதியில் ஒரு பங்கு சரிந்தது. இடிப்பதா, பழுது பார்ப்பதா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. ஆதலின் அடைத்த பகுதிக்குள் ‘அழகான கோணம்’ தேடிப் புகாதீர்கள். நிற்கும் சுவர்களை வெளியே நின்று பதிவு செய்யுங்கள். நாளை அவை உங்கள் படத்தில் மட்டுமே நிற்கக்கூடும்.

தீயையும் மறவாதீர்கள். 1989 பிப்ரவரி 8ஆம் நாள் இதே மைசூரில் பிரீமியர் படப்பிடிப்பு நிலையத்தில் ‘திப்பு சுல்தானின் வாள்’ தொடர் எடுக்கும்போது தீப்பற்றி 62 பேர் மாண்டனர். தார்ப்பாயின் கீழே, கடைக்காரரின் கம்பியிலிருந்து மின்சாரம் இழுத்து, சூடேறும் விளக்கைக் கட்டும் துணிச்சல் நமக்கு வேண்டாம். காலைக் கதிரவன் கூலி கேட்பதில்லை.

படம் தொகுத்து முடிந்ததும் முதலில் எங்கே காட்டுவது? பல்கலைக்கழக அரங்கில் அன்று. எவர் முகமும் கையும் குரலும் அதில் உள்ளனவோ அவரிடம் காட்டுங்கள். ‘இது எங்கள் சந்தைதான்’ என்று அவர் கன்னடத்தில் சொல்வாராயின், அதன்பின் தமிழ்ச் சங்கத்து மேடைக்குக் கொண்டுவருக. பாயிரம் மெய்யானால், நூலையும் மக்கள் நம்பிக் கையில் எடுப்பர்.