தெருக்கட்டம் சிறுத்தால் நடை குறையும்

'புளோக்' என்றதும் நமக்கு அடுக்குமாடிக் கட்டடம்தான் நினைவுக்கு வரும். நகரத் திட்டமிடலில் அதற்கு வேறு பொருள் உண்டு. நான்கு பக்கமும் தெருக்கள் சூழ்ந்த நிலப்பகுதியே புளோக். தமிழில் அதைத் தெருக்கட்டம் எனலாம். மக்கள் நடப்பார்களா, வாகனத்தில் ஏறுவார்களா என்பதில் அதன் அளவுக்குப் பெரும் பங்குண்டு.

அமெரிக்காவின் இரண்டு நகர மையங்களை ஒப்பிடுவோம். போர்ட்லண்டில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 61 மீட்டர். சால்ட் லேக் சிட்டியில் சுமார் 201 மீட்டர்.

எவ்வளவு நடக்க வேண்டும்?

ஒரு பக்கத்தின் நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். எதிர்ப்பக்கத்தின் நடுவில் ஒரு கடை. இடையில் கட்டடங்கள் இருப்பதால் பாதிச் சுற்றளவு நடக்க வேண்டும். போர்ட்லண்டில் அது 122 மீட்டர்; சால்ட் லேக் சிட்டியில் 402 மீட்டர். நிமிடத்திற்கு 80 மீட்டர் நடந்தால், முதல் நகரில் ஒன்றரை நிமிடம், இரண்டாவதில் ஐந்து நிமிடம்.

நிலம் வீணாகாதா?

கட்டம் சிறுத்தால் தெருக்கள் கூடும். தெருவின் அகலம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 61 மீட்டர் கட்டங்களில் ஏறக்குறைய 43 விழுக்காட்டு நிலம் தெருவுக்குப் போய்விடும். 201 மீட்டர் கட்டங்களில் 17 விழுக்காடுதான். கட்டடம் கட்டப் பெரிய கட்டமே லாபம் போலத் தெரிகிறது, இல்லையா?

ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் தெருவைப் பார்த்த முகப்பு தேவை. ஒவ்வொரு 100 சதுர மீட்டர் நிலத்துக்கும் சிறிய கட்டத்தில் சுமார் 6.6 மீட்டர் முகப்பு கிடைக்கிறது. பெரிய கட்டத்தில் 2 மீட்டர் மட்டுமே. பெரிய கட்டத்தின் நடுப்பகுதிக்குத் தெருவே எட்டாது. அது வாகன நிறுத்துமிடமாகவோ வெற்றிடமாகவோ போய்விடலாம். எனவே, நிலம் மிகுந்திருந்தாலே அங்கு மக்களும் கடைகளும் நெருங்கி அமையும் என்று சொல்ல முடியாது.

மெல்பர்ன் காட்டும் வழி

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர மையம் 1837ஆம் ஆண்டில் திட்டமிடப்பட்டது. அதன் கட்டங்களும் சுமார் 201 மீட்டர்தான். ஆனால் அவற்றின் நடுவே 10 மீட்டர் அகலச் சிறு தெருக்கள் ஓடுகின்றன. கடைகளின் பின்புறத்துக்குச் சரக்கு கொண்டுபோகச் சந்துகளும் தோன்றின. அவற்றில் பல இன்று உணவகங்கள் நிறைந்த நடைவழிகள். கட்டடங்களை இடித்து நகரையே மாற்ற வேண்டியதில்லை. நடுவே ஒரு பாதை திறந்தாலும் நடை குறையும்.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு கட்டத்தைக் கைப்பேசி வரைபடத்தில் தேர்ந்தெடுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான நேர்த்தூரத்தை அளவிடுங்கள். பிறகு நடைபாதை வழியே உள்ள தூரத்தை அளந்து, அதை நேர்த்தூரத்தால் வகுங்கள். விடை 2ஐ நெருங்கினால், குறுக்கு வழி எங்கே திறக்கலாம் என்று வரைந்து காட்டுங்கள்.