மோட்டார் சைக்கிள் ரிம்மில் துரு: குறைந்த செலவில் பரிகாரம்

புனே நகரமும் அதன் அருகிலுள்ள ஆகுர்டி, சாகண் ஆகிய தொழிற்பகுதிகளும் இருசக்கர வாகன உற்பத்திக்குப் பெயர் பெற்றவை. வார்ப்பு அலுமினியச் சக்கரங்கள் இன்று பெருகியிருப்பினும், ஸ்போக் கம்பி பூட்டிய எஃகு ரிம்களும் வழக்கில் உள்ளன. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் வண்டி வெளியே நின்றால், பளபளக்கும் ரிம்மில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. கிராமம் கிராமமாகச் செல்லும் களப்பணியாளருக்கு இது அழகைப் பற்றிய கேள்வியன்று. உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியதாகும்.

முலாம் பூசிய எஃகு துருப்பிடிப்பது ஏன்? ரிம்மின் மேலுள்ள குரோமியப் படலம் மிக மெல்லியது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவானது. அதனடியில் அதைவிடப் பன்மடங்கு தடித்த நிக்கல் படலம் உண்டு. எஃகைக் காப்பதில் பெரும்பங்கு நிக்கலுடையதே. கல் பட்டோ தேய்ந்தோ இவ்விரண்டிலும் நுண்துளை விழுந்தால், ஈரம் எஃகை அடைகிறது. அப்போது நிக்கல் சேதமின்றி நிற்க, இரும்பே அரிக்கப்படுகிறது.

உலோக அரிமானமும் மின்முலாமும், காரைக்குடியில் 1953-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுத் துறைகளுள் அடங்கும். இவ்வுண்மையை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். முலாம் இல்லாத மூன்று இரும்பு ஆணிகளை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்க. ஒன்றில் செப்புக் கம்பியையும், மற்றொன்றில் துத்தநாகத் தகட்டையும் இறுகச் சுற்றி, மூன்றாவதை அப்படியே விட்டு, தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் உப்பு நீரில் இடுக. சில நாட்களில் செம்பு சுற்றிய ஆணி மிகுதியாகத் துருப்பிடிக்கும். துத்தநாகம் சுற்றியது பெரும்பாலும் தப்பும். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. நிக்கல் இவ்விஷயத்தில் செம்பைப் போன்றது.

இனிச் செய்முறையைக் காண்போம்.

1. முதலில் டயர், டியூப், ரிம் டேப் ஆகியவற்றைக் கழற்றி உட்புறத்தைப் பார்க்க வேண்டும். ஸ்போக் துளைகளின் வழியே புகும் நீர் ரப்பர் டேப்பின் அடியில் தங்குவதால், வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் துரு உள்ளே பெரும் குழியாக இருக்கக்கூடும். துளைகளைச் சுற்றி வெடிப்போ, ஆழ்ந்த குழியோ, டயர் அமரும் ஓரத்தில் உதிர்வோ காணப்படின் அந்த ரிம்மை விலக்குக. அதற்குச் சிக்கனப் பரிகாரம் எதுவுமில்லை.

2. வெளிப்புறத்தில் உள்ள இலேசான துருவை, கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்து அகற்றலாம். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானதாதலால் முலாமைக் கீறாது. உப்புத்தாள் அதைக் கீறிவிடும். குளியலறை கழுவும் ஆசிட் குரோமியத்தையே கரைத்துவிடும். இவ்விரண்டும் கூடாது.

3. துரு நீங்கினாலும் நுண்துளை நீங்காது. எனவே கழுவி, நன்கு உலர்த்தி, மெழுகு பாலிஷ் பூசி அத்துளைகளை அடைக்க வேண்டும்.

4. உட்புறத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, துத்தநாகத் தூள் மிகுந்த பிரைமரைப் பூசுக. துத்தநாகம் இரும்பை நேரே தொட்டால்தான் காக்கும். துருவின் மேல் பூசுவது வீண். பிரைமர் காய்ந்தபின் எனாமல் பெயின்ட் பூசி, புதிய ரிம் டேப் இடுக. முலாம் உரிந்த வெளிப்பகுதிக்கும் இதுவே முறை. பழைய பளபளப்பு வராது, அரிமானம் தடைப்படும். தின்னரை நெருப்பின் அருகே கையாளலாகாது.

பாலிஷோ எண்ணெயோ பிரேக்கிலும் டயரின் தரைபடும் பகுதியிலும் படாமல் காத்தல் அவசியம். ஆண்டுதோறும் மே மாதத்தில் மெழுகு பூசுதலும், மழைக்காலத்தில் சேற்றை அன்றன்று கழுவித் துடைத்தலும் நன்று. பஞ்சருக்காக டயர் கழற்றப்படும்போதெல்லாம் ரிம்மின் உட்புறத்தை ஒருமுறை பார்வையிடுவதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை.