பள்ளி நாளில் பயணம்: எதற்கு லீவு போடலாம், எதற்கு வேண்டாம்

பள்ளி நடக்கும் நாளில் பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போகக் கொடுமுடிப் பக்கம் இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. ஒன்று பஞ்சாங்கம் குறிக்கும் நாள். மற்றொன்று குடும்பம் தன் வசதிக்குக் குறிக்கும் நாள். பங்குனி உத்திரத்தை மே மாதத்துக்குத் தள்ளிவைக்க முடியாது, ஊட்டியைத் தள்ளிவைக்கலாம். எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன், நாளைக் குறிப்பது யார் என்று கேட்பதே நல்லது.

ஆடி 18 ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும். பள்ளி திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும், காலாண்டுத் தேர்வு செப்டம்பரில்தான். கொடுமுடிக் காவிரியில் குளித்துக் கோயிலில் மகுடேசுவரரைக் கும்பிட ஒரு நாள் தாராளம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டியதில்லை. திருவிழாவுக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விட்டால், பிறகு ஒரு சனிக்கிழமை ஈடுசெய்யும் வேலைநாளாக வரும். விடுமுறையை நினைவில் வைக்கும் வீடுகள் அந்தச் சனிக்கிழமையை மறந்துவிடுவதுண்டு.

பங்குனி உத்திரம் அவ்வளவு எளிதல்ல. கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துக் காவடியோடு தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடப்பவர்களுக்குச் சில நாட்கள் போய்விடும். பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு அது பொதுத்தேர்வுக் காலம். மற்ற வகுப்புகளுக்கும் ஆண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும். பெரியவர்கள் நடக்க, பிள்ளைகள் கடைசி நாளில் பஸ்ஸில் பழனி போய்ச் சேர்ந்துகொள்வது நடுவழி. பங்குனி வெயிலில் தார் ரோட்டில் சிறுவர்களை நடக்கவைப்பதைவிட அது மேலும்கூட. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையை அட்டவணை பார்க்காமல் கிளப்பக் கூடாது. காதுகுத்து, கெடாவெட்டு போன்றவற்றுக்கு நாள் குறிப்பவர்கள் வீட்டார்தான் என்பதால், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் தேடினால் லீவே தேவைப்படாது.

சுற்றுலாவுக்குப் பள்ளி நாளில் போனால் அறை வாடகை குறையும், கூட்டமும் இராது. கோடை நெரிசலால் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. ஆனாலும் காலாண்டு விடுமுறை இருக்கையில் இதற்கு லீவு போட வேண்டியதில்லை. செப்டம்பர், அக்டோபரில் ஊட்டியில் இரண்டாம் சீசன் நடக்கும். மே மாத நெரிசலும் இருக்காது.

இங்கிலாந்தில் அனுமதியின்றிப் பிள்ளையைச் சுற்றுலா கூட்டிப்போனால் அபராதம் உண்டு. 2024 ஆகஸ்ட் முதல் அது ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு, 21 நாளில் கட்டாவிட்டால் 160. தமிழ்நாட்டில் இப்படி அபராதம் இல்லை. இருந்தாலும் சிபிஎஸ்இ பள்ளிகளில் பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பதால், காய்ச்சலுக்கும் மழைக்கும் போகும் நாட்களையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

லீவ் லெட்டரில் உண்மைக் காரணத்தை எழுதுவதே சரி. காய்ச்சல் என்று எழுதிவிட்டு மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் பிள்ளை வகுப்பில் போய் நின்றால் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளைதான். கிளம்பும் முன்பே வகுப்பாசிரியரிடம் சொன்னால், எந்தப் பாடம் போகும் என்று கேட்டுக்கொள்ளலாம். மொழிப்பாடத்தை வீட்டில் படித்துச் சேர்த்துவிடலாம். விட்டுப்போன கணக்கை, அடுத்த பாடம் தொடங்கும் முன் யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.