வண்டி வரும் நேரத்தை மாற்றிப் பாருங்கள்

ஆம்பூர் நகராட்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் சொல்வது.

1. சேர்ந்த புதிதில் விடியற்காலையிலேயே மேஸ்திரியோடும் தூய்மைப் பணியாளர்களோடும் தெருவில் நடங்கள். எந்தச் சந்தில் கால்வாய் அடைக்கும், எந்த மூலையில் இரவோடு இரவாகத் தோல் துண்டுகள் வந்து விழும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எரிகிற குப்பையிலிருந்து மயிர் பொசுங்கும் நாற்றம் வந்தால் உள்ளே தோல் கிடக்கிறது என்பார்கள். குரோமில் பதனிட்ட தோல் எரிந்தால் புற்றுநோய் உண்டாக்கும் வகைக் குரோமியம் வெளிப்படக்கூடும். அது படித்த உங்களுக்குத் தெரியும். எங்கே எரிகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

2. கேட்ட யோசனையைச் சின்னதாகச் செய்து பாருங்கள். நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் பெண்கள் காலையிலேயே ஷூ கம்பெனிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். குப்பை வண்டி விசில் ஊதிக்கொண்டு வரும்போது கதவில் பூட்டு தொங்கும். கட்டி வைத்த பை கடைசியில் கால்வாய்க்குத்தான் போகும். தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் கேட்டார்: "கம்பெனி விடுற நேரத்துக்கு ஒரு நடை வந்தா என்ன சார்?" ஒரே ஒரு தெருவில் சில நாள் விட்டுப் பார்த்தோம். கால்வாயில் பைகள் குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது. அதன் பிறகுதான் அடுத்த தெருவுக்குப் போனோம்.

ஆனால் மாலை நடைக்கு வருகிறவருக்குக் காலை வேலையைக் குறைத்துக் கொடுங்கள். யோசனை சொன்னவர் தலையிலேயே கூடுதல் சுமையை ஏற்றினால், அதற்கப்புறம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்.

3. யோசனை யாருடையதோ அவர் பெயர் கோப்பில் இருக்கட்டும். ஒப்பந்தப் பணியாளராக இருந்தாலும் சரி.

4. ஆடிட் ஆட்சேபணைக்குப் பயந்தே பாதி நல்ல யோசனைகள் மேசையோடு நின்றுவிடுகின்றன. வாய்மொழி உத்தரவை நம்பி எதையும் தொடங்காதீர்கள். என்ன பிரச்சினை, எந்தத் தெரு, எத்தனை நாள், என்ன செலவு என்று ஒரு பக்கம் எழுதிக் கமிஷனரிடம் ஒப்புதல் வாங்குங்கள். செலவு பெரிதென்றால் மன்றத் தீர்மானம் வேண்டும்.

5. நாளை நீங்களே அதிகாரி நாற்காலியில் உட்காரும்போது சூரத்தை நினையுங்கள். 1994-இல் அங்கே பிளேக் பரவி, லட்சக்கணக்கானோர் ஊரை விட்டே ஓடினார்கள். 1995-இல் கமிஷனராக வந்த எஸ்.ஆர். ராவ், தன் அதிகாரத்தில் பெரும்பகுதியை மண்டல அதிகாரிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். காலையில் எல்லோரும் தெருவில் நிற்க வேண்டும். பிற்பகலில் கூடிப் பேசித் தீர்க்க வேண்டும் என்பது அவர் வைத்த முறை. அதே ஊழியர்களை வைத்துக்கொண்டுதான் இரண்டே ஆண்டில் சூரத் நாட்டின் தூய்மையான நகரங்களில் ஒன்றானது. ஊழியர்கள் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

6. பணம் இல்லை என்ற பேச்சைச் சட்டென்று ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலம். 1996-இல் நகர்மன்றத் தலைவரான ஆர்.எஸ். பாரதி, பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் தாருங்கள் என்று மக்களிடமே கேட்டார். குடியிருப்போர் சங்கங்கள் துணை நின்றன. கடனும் வாங்கித் திட்டத்தை முடித்தார்கள். கணக்கு வெளிப்படையாக இருந்தால் மக்கள் கொடுப்பார்கள் என்பதுதான் என் அனுபவமும்.

7. ஒன்றில் மட்டும் பரிசோதனையே கூடாது. எவ்வளவு அவசரமானாலும் ஆளைப் பாதாளச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடுக்கிறது. போனில் எவ்வளவு பெரியவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். மறுத்ததைத் தேதி போட்டு எழுதியும் வையுங்கள்.