எஞ்சின் புதுப்பித்தலில் பிஸ்டனும் அமுக்க விகிதமும்

தேய்ந்த எஞ்சினைப் புதுப்பிக்கும்போது சிலிண்டருக்குப் பொருந்தும் விட்டமுடைய பிஸ்டன் கிடைத்துவிட்டால் போதும் என்று பலர் கருதுகின்றனர். இது முழு உண்மையன்று. விட்டம் ஒன்றாயிருப்பினும், தலையின் வடிவமோ, பின் துளைக்கு மேலுள்ள உயரமோ மாறுபடின், எஞ்சினின் அமுக்க விகிதம் மாறிவிடும். கூடுதல் சக்தியை நாடி வேண்டுமென்றே இம்மாறுதலைச் செய்வோரும் உளர். இரு சாராரும் கணக்கிட்டறியாமல் செயல்படின், புதிய பிஸ்டனே முதலில் பழுதாகும்.

அமுக்க விகிதம் என்பது யாது?

பிஸ்டன் கீழ் எல்லையில் நிற்கும்போது அதன் மேலுள்ள மொத்தக் கொள்ளளவை, மேல் எல்லையில் நிற்கும்போது எஞ்சும் கொள்ளளவால் வகுத்துக் கிடைப்பதே அமுக்க விகிதம். பின்னதை எரிவெளி எனலாம்.

பழைய வார்ப்பிரும்பு வகைப் புல்லட் 350 மோட்டார் சைக்கிளின் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். உட்குறுக்களவு 70 மி.மீ.; வீச்சு 90 மி.மீ. எனவே பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு 346.4 க.செ.மீ. எரிவெளி 63 க.செ.மீ. எனக் கொண்டால், 409.4-ஐ 63-ஆல் வகுக்க, விகிதம் 6.5 : 1 ஆகும்.

மாறுதல்களின் விளைவு

1. குவிந்த தலை: குவிவு 10 க.செ.மீ. இடத்தை அடைத்துக்கொண்டால் எரிவெளி 53 ஆகும், விகிதம் 7.5 : 1.

2. குழிந்த தலை: குழிவு 10 க.செ.மீ. எனின் எரிவெளி 73 ஆகும், விகிதம் 5.7 : 1.

3. பின் துளைக்கு மேல் உயரம் 1 மி.மீ. மிகுதல்: எரிவெளியில் 3.85 க.செ.மீ. குறையும், விகிதம் 6.9 : 1.

4. சிலிண்டரை 71 மி.மீ. ஆகக் கடைதல்: எரிவெளி ஏறக்குறைய மாறாதிருப்பினும் விகிதம் 6.7 : 1 ஆக உயரும். இதனுடன் குவிந்த பிஸ்டனும் சேரின் 7.7 : 1 ஆகும்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. எரிவெளியில் முதல் 10 க.செ.மீ. குறைந்தபோது விகிதம் ஏறத்தாழ 1 உயர்ந்தது. மேலும் 10 குறைத்து 43 ஆக்கினால், அது 7.5-லிருந்து 9.1-க்குத் தாவிவிடும். எரிவெளி சிறுக்கச் சிறுக்க, அளவிற் செய்யும் சிறு பிழையும் பெரும் விளைவைத் தரும்.

இலாபமும் இடரும்

இலட்சியக் கணக்கின்படி, விகிதம் 6.5 ஆகும்போது வெப்பத்தில் 52.7 சதவீதமும், 7.5 ஆகும்போது 55.3 சதவீதமும் வேலையாக மாறும். அதாவது ஒரே எரிபொருளிலிருந்து ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதல் வேலை. நடைமுறையில் கிடைக்கும் திறன் இவ்விரு அளவுகளிலும் மிகக் குறைவே.

அமுக்கம் மிகும்போது கலவையின் வெப்பநிலையும் உயரும். தீச்சுடர் சென்று சேருமுன் கடைசிப் பகுதி தானே வெடித்தெரியும். உலோகத்தைத் தட்டுவதுபோன்ற ஒலி கேட்கும். இது நீடித்தால் பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்படும், வளையங்கள் முறியும், தலை துளைபடுதலும் உண்டு. ஆகவே விகிதத்தை உயர்த்துவோர், பெட்ரோலின் ஆக்டேன் எண், பொறி விழும் நேரம் ஆகிய இரண்டையும் உடன் கவனித்தல் வேண்டும். மிக உயர்ந்த குவிவு சுடர் பரவுதலைத் தடுக்கும் என்பதையும் மறத்தலாகாது.

அளந்தறியும் முறை

பள்ளி ஆய்வுக்கூடத்துப் பியூரெட்டே இதற்குப் போதும். இரு வால்வுகளும் மூடிய நிலையில் பிஸ்டனை மேல் எல்லையில் நிறுத்துக. அதன் விளிம்பில் சிறிது கிரீஸ் பூசி இடுக்கை அடைத்திடுக. பிளக் துளை யாவற்றினும் உயரத்தில் இருக்குமாறு எஞ்சினைச் சாய்த்து, மெல்லிய எண்ணெயைப் பியூரெட்டிலிருந்து துளை நிறையும்வரை விடுக. துளையின் மரைப் பகுதிக்குரிய அளவைக் கழித்தால் எரிவெளி கிடைக்கும். எண்ணெயை முற்றும் வடித்த பின்னரே எஞ்சினைச் சுழற்றுதல் வேண்டும். நீர்மம் அமுங்காதாகையால் உறுப்புகள் வளைய நேரிடும்.

வால்வு பிஸ்டனில் இடியாதென்பதையும் உறுதி செய்க. பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டைப் பூட்டி, கையால் இருமுறை முழுச் சுற்றுச் சுற்றியபின், பதிந்த களிமண்ணை வெட்டி அதன் கனத்தை அளந்தால் இடைவெளி புலப்படும்.

மாணவர்க்கு ஒரு கணக்கு

71 மி.மீ. ஆகக் கடைந்த மேற்கூறிய சிலிண்டரில், 10 க.செ.மீ. குழிவுள்ள பிஸ்டனைப் பொருத்தினால் விகிதம் என்ன? (விடை: 5.9 : 1.)

பிஸ்டனைப் பொருத்துமுன் அளப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். அளவாமல் பொருத்திய எஞ்சினை மீண்டும் பிரிக்கப் பல நாட்களும், மற்றொரு பிஸ்டனும் வேண்டியிருக்கும்.