குஞ்சு பொரிக்கும் நகரம்

விஞ்ஞானக் கண்காட்சிக்கு நான் செய்த சூரிய அடுப்பு எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. பரிசு கிடைத்தது, அத்தோடு சரி. அதில் சமைத்துப் பார்க்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸைப் பற்றி வாசித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

1943 ஜூலையில் அந்நகரைப் புகைமூட்டம் மூடியபோது, எதிரிகளின் இரசாயனத் தாக்குதல் என்றே சிலர் பயந்தார்களாம். வாகனப் புகையிலுள்ள ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் தாக்கமுற்று ஓசோனை உண்டாக்குவதைப் பின்னர் ஹாகென் ஸ்மித் என்ற இரசாயனவியலாளர் காட்டினார். எதிரி அவர்களுடைய வீட்டு வாசலிலேயே நின்றிருக்கிறது!

புகையைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் வந்தன. 2011இல் மாநகர நிர்வாகமும் அதன் நீர், மின் திணைக்களமும் இணைந்து தூய தொழினுட்பத்துக்கான ‘இன்கியூபேட்டர்’ ஒன்றை ஆரம்பித்தன. “அது கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியல்லவா?” என்று உம்மா சிரித்தார். வேலையும் ஏறக்குறைய அதுதான். யோசனையோடு வரும் சிறு நிறுவனங்களுக்கு இடமும் ஆலோசனையும் கிடைக்கின்றன. 2016இல் திறக்கப்பட்ட லா கிரெட்ஸ் வளாகத்தில் மாதிரிகளைச் செய்து பார்க்கப் பட்டறையும் உண்டு.

பணத்தைவிட மின் திணைக்களம் பங்காளியாக இருப்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். நகரத்தின் மின்கம்பிகள் அதன் கையில்தானே! புதிய கருவியொன்றைச் செய்தவர், அதை எங்கே பொருத்திச் சோதிக்கலாம் என்று அங்கேயே கேட்கலாம். 2028 ஒலிம்பிக்குக்குள் வளி மாசையும் பச்சைவீட்டு வாயுக்களையும் மேலதிகமாக 25 வீதம் குறைக்க, 2018இல் போக்குவரத்துக்கென இன்னொரு கூட்டணியையும் அமைத்தார்கள்.

பரணில் ஏற வாப்பாவிடம் ஏணி கேட்டிருக்கிறேன். முதலில் ஒரு முட்டையை அவித்துப் பார்க்க வேண்டும்.